நடுத்தண்ணீரில் திரும்பிப் பார்த்த நாய்

என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேட்டைதான். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தகரம், வேலிக் கம்பி, பெயின்ட். வாரம் முழுக்க அந்தத் துரு வாசனையில் கிடந்துவிட்டு, ஞாயிறு விடிவதற்கு முன்னால் லைசென்ஸ் துப்பாக்கியைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். எழுபதுகளின் தொடக்கம் அது. பறவை சுடக்கூடாது என்ற சட்டம் எங்கள் பக்கம் வந்து சேராத காலம். மழை முடிந்த மாதங்களில் ஏரிகளில் கிளுவை வாத்தும் உள்ளான் குருவியும் அடைந்து கிடக்கும்.

சுடுவதில் அவருக்குக் குறையில்லை. சுட்டது கைக்கு வருவதில்தான் குறை. அடிபட்ட பறவை சம்புப் புதரிலோ கோரையிலோ போய் விழும். இவர் கத்தியோடு இடுப்பளவு சேற்றில் இறங்கித் தேடிப் போய்ச் சேர்வதற்குள் அது செத்திருக்கும். உயிர் இருக்கும்போதே இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறும். செத்ததை என் மாமியார் வாசற்படி தாண்ட விடமாட்டார்.

"துப்பாக்கிச் சத்தம் மட்டும் ஊரைத் தூக்குது. கொழம்புச் சட்டி காலியாத்தான் கீது," என்று மாமி தன் மகனைக் கேலி செய்வார்.

எங்கள் கடைக்கு வேலிக் கம்பி வாங்க ஒருவர் வருவார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். அதை விற்றுவிட்டு எங்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கியிருந்தார். என் கணவரின் புலம்பலைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒரு ஸ்பேனியல் நாய் வேணும் பாய். சுட்டதை உயிரோட கொண்டாந்து கையில குடுக்கும்," என்றாராம். அவர் வீட்டுப் பெட்டை அப்போதுதான் ஈன்றிருந்தது. ஒரு சாயங்காலம் என் கணவர் காய்கறிப் பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. வெள்ளையும் ஈரல் நிறமுமாக ஒரு குட்டி. காது இரண்டும் நனைந்த இட்லித்துணி மாதிரி தொங்கின. பெயர் ஏதோ வைத்தோம், நிற்கவில்லை. குட்டி என்றே கூப்பிட்டோம்.

மாமி சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "வூட்டுக்குள்ள நாயா? தொழுவுற எடம்டா இது."

விஷயம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வரை போனது. அவர் மாமியிடம் பொறுமையாகச் சொன்னார். "வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வெச்சிக்கலாம்மா. வூட்டுக்குள்ள வேணாம், கொல்லையில இருக்கட்டும். ஆனா வேட்டை நாய்னா பழகின நாயா இருக்கணும். அனுப்பினா போவணும், நிறுத்தினா நிக்கணும், புடிச்சதைத் தான் தின்னக் கூடாது." நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டு. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிணற்றடியில் ஒரு கொட்டாங்குச்சியில் நல்ல செம்மண் வந்து உட்கார்ந்தது. குட்டிக்குத் தனித் தட்டு, தனி வாளி, கொல்லைக் கோடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. தகரத்துக்கு எங்களிடம் பஞ்சமா.

குட்டியை வேட்டைக்குப் பழக்க வேண்டியவர் என் கணவர். ஆனால் கடை அவரை விடவில்லை. சோறு வைத்தது நான். காலையில் வெளியே கூட்டிப் போனதும் நான்தான். வீட்டுக்குப் பின்னால் நடந்தால் ஏரிக்கரை. அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் குட்டியும் போவோம். தோட்டத்துக்காரர் சொல்லிக் கொடுத்ததை என் கணவர் எனக்குச் சொன்னார். நான் குட்டிக்குச் சொன்னேன். பழைய காலுறைக்குள் தேங்காய் நாரை அடைத்து, மேலே புறா இறகு கட்டி, அதைத்தான் பறவை என்று வைத்துக்கொள்வோம்.

அவர் பழக்கும்போது கத்துவார். விசில் ஊதுவார், அதற்கும் மேல் கத்துவார். எனக்குச் சத்தம் போட்டு வழக்கமில்லை. எங்கள் தெருவில் மருமகளின் குரல் வாசல் தாண்டிக் கேட்காது. அதனால் நான் கையைத்தான் காட்டினேன். வலது கையை நீட்டினால் வலப்பக்கம், இடது கை என்றால் இடப்பக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கி முன்னால் தள்ளினால் இன்னும் தூரம் போ. உள்ளங்கையைக் காட்டினால் உட்கார். கொஞ்ச நாளில் குட்டி என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடக் கற்றுக்கொண்டது.

அதன் மூக்கைப் பற்றி என்ன சொன்னாலும் கூடச் சொன்ன மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, காலுறையைக் கோரைக்குள் ஒளித்துவைத்துவிட்டு வந்தேன். அவிழ்த்துவிடப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடி வந்துவிட்டோம். மறுநாள் போனால் எங்கே வைத்தேன் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மழையில் கோரை எல்லாம் சாய்ந்து கிடந்தது. குட்டி காற்றுக்கு எதிரே மூக்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடியது. சட்டென்று யாரோ கயிற்றால் இழுத்த மாதிரி திரும்பியது. நேராகப் போய், தண்ணீரில் ஊறிக் கிடந்த காலுறையை எடுத்துவந்து என் கையில் வைத்தது. நான் அதே காற்றைத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒன்றுமே இல்லை. அதற்கு அதில் ஒரு வழியே இருந்தது.

இன்னொரு நாள், வைக்கோலுக்குள் எங்கள் கோழி இட்டிருந்த முட்டையைக் குட்டி வாயில் எடுத்துக்கொண்டு சமையற்கட்டு வாசல் வரை வந்து, மாமி காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. முட்டையில் ஒரு கீறல் கூட இல்லை. மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செம்மண்ணைப் போட்டு ஏழு முறை கழுவி, மகனுக்கே பொரித்துப் போட்டார். அந்த வருஷம் மழைக்குப் பிறகு சுட்டதில் பெரும்பாலானது உயிரோடு வீடு வந்தது. மாமி கேலியை நிறுத்திக்கொண்டார்.

தோட்டத்துக்காரர்தான் சோதனை பற்றிச் சொன்னார். மெட்ராஸில் நாய் வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, குளிர்காலம் முடியும் சமயத்தில் மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு நாள் முழுக்க வேட்டை நாய்களுக்குச் சோதனை வைக்கப் போகிறார்களாம். என் கணவர் உடனே குட்டியைச் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு கடையில் யார் வந்தாலும் அதே பேச்சு.

சோதனைக்குச் சில நாள் முன்பு கடையில் குழாய்க் கட்டு சரிந்து அவர் காலில் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, தரையில் ஊன்றக் கூடாது, சேறு தண்ணீர் படவே கூடாது என்று அனுப்பினார்கள். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"வரலைன்னு சொல்லி அனுப்பிடலாங்க," என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமிதான் நிமிர்ந்தார். "இன்னாத்துக்கு? நாய்க்கா கால் ஒடைஞ்சி கீது? இவ சொன்னாத்தான அது கேக்குது. இவ போவட்டும்."

"அத்தனை ஆம்பளைங்க நடுவுல நான் எப்படி மாமி?"

"நானும் வர்றேன். யார் இன்னா சொல்லிடப் போறாங்க, பாத்துக்கலாம்."

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "போறியா?" என்றார். கேட்ட விதத்தில் சரி என்றுவிட்டேன்.

வாடகைக் காரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். முன்சீட்டில் கட்டுப்போட்ட காலோடு அவர். பின்னால் ஒரு ஓரத்தில் மாமி, புடவை படாமல் காலை மேலே தூக்கிக்கொண்டு. இன்னொரு ஓரத்தில் நான், என் காலடியில் குட்டி. வழி முழுக்க மாமி குட்டியையும், குட்டி, மாமி மடியில் இருந்த டிபன் கேரியரையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டிப் புல்லும் புதருமான மணல்வெளி, அப்புறம் உப்பங்கழி. கார்கள் வரிசையாக நின்றன. காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில் என்று ஆண்கள். பளபளவென்று நாய்கள். நான் வெள்ளைத் துப்பட்டியோடு இறங்கியதும் பேச்சு கொஞ்சம் நின்று, மறுபடி தொடங்கியது. நடுவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். வெள்ளை மீசை. என் கணவர் நொண்டிக்கொண்டே போய் விஷயத்தைச் சொன்னார். நடுவர் அவர் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாய் உங்ககிட்ட பழகியிருக்காம்மா?"

தலையை ஆட்டினேன்.

"அப்புறம் என்ன. நான் பாக்கப் போறது மூணே விஷயம். அனுப்பினா போகுதா, நிறுத்தினா நிக்குதா, எடுத்ததைக் கடிக்காம கொண்டு வருதா. அவ்வளவுதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொன்ன அதே மூன்று. இவரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே வழியில்லை. மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது, கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

முதலில் மணல்வெளிச் சோதனை. நாய் நமக்கு முன்னால், துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், காற்றுக்குக் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிப் புதர்களைக் கிளற வேண்டும். பறவை எழும்பினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கடல் காற்று துப்பட்டியைப் பாய் மாதிரி உப்ப வைத்தது. குட்டி அதைப் பார்த்துக் குழம்பியது. முந்தானையோடு சேர்த்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு கையை நீட்டினேன். ஓட ஆரம்பித்தது.

ஒரு புதரில் அதன் வால் வேகமாக ஆடியது. உடம்பு முழுக்க ஆடியது. சடசடவென்று இரண்டு கௌதாரிகள் எழும்பின. சோதனைக்காரர்கள் நிறுத்தியிருந்த துப்பாக்கிக்காரர் என் பக்கத்திலிருந்து சுட்டார். குட்டி மணலில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் தோல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மயிரும் போ போ என்று தள்ளுகிறது. கண் பறவை போன திசையில் ஒட்டிக்கிடக்கிறது. பின்பக்கம் மட்டும் தரையை விட்டு எழவில்லை. கட்டிப்போட கயிறு இல்லை, அடிக்கக் கம்பு இல்லை. நான் முன்பு எப்போதோ ஏரிக்கரையில் காட்டிய உள்ளங்கை ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. பார்க்கப் பயமாகவே இருந்தது.

எல்லாம் நன்றாகவே போய்விடவில்லை. திரும்பும்போது ஒரு முயல் அதன் மூக்குக்கு நேரே குதித்து ஓடியது. குட்டி என்னை மறந்தது, சோதனையை மறந்தது, பின்னாலேயே பறந்தது. அவர் கொடுத்திருந்த விசிலை ஊதினேன். சவுக்கு மரங்களின் ஓரத்துக்குப் போய்த்தான் நின்றது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. நடுவர் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். காரில் சாய்ந்து நின்ற என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் உப்பங்கழியில் தண்ணீர்ச் சோதனை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கறுப்பு லேப்ரடார். கிளுவைக் கூட்டம் ஒன்று மேலே வர, துப்பாக்கிக்காரர் சுட்டார். ஒரு பறவை மட்டும் சாய்ந்து சாய்ந்து போய் அக்கரையில், ஒரு மொட்டைப் பனைக்கு வலப்பக்கம் விழுந்தது. லேப்ரடார் நீந்திப் போய் அக்கரை முழுக்கத் தேடிவிட்டு வெறும் வாயோடு வந்தது. அதன் சொந்தக்காரர் கையை விரித்தார்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "உங்க நாயை அனுப்பிப் பாருங்கம்மா. அடி றெக்கையில மட்டும்தான். இறங்கி ஓடியிருக்கும்னு நெனைக்கிறேன்."

குட்டியைச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால்தான் உட்கார வைத்திருந்தேன். பறவை விழுந்ததை அது பார்க்கவில்லை. போக வேண்டிய இடம் என் கண்ணில் மட்டும்தான் இருந்தது. கரையில் கூட்டி வந்து உட்கார வைத்து, பனையைப் பார்த்துக் கையை நீட்டி, "போ," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

குதித்தது. தலை மட்டும் தண்ணீருக்கு மேல். காது இரண்டும் இரு பக்கமும் மிதந்தன. கடல்நீர் கழிக்குள் ஏறிக்கொண்டிருந்த நேரம். நடுவில் நீரோட்டம் அதை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்தது, இப்படியே போனால் பனையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் கரையேறும். காற்று எதிரே அடித்தது. விசில் ஊதியிருந்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ.

அப்போது குட்டி நடுத்தண்ணீரில் திரும்பிப் பார்த்தது.

நீந்துவதை நிறுத்தவில்லை. காலை மட்டும் உதைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுற்றி, கரையில் நின்ற வரிசையில் என்னைத் தேடியது. எங்கே போகணும், சொல்லு என்றது அந்த முகம். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் உப்பு இருக்கிறதா, தண்ணீர் கொதித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் போகட்டும் என்று ஓர் உயிர் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் காலுக்குக் கீழே தரை இல்லாத இடத்தில் நின்றுகொண்டு.

துப்பட்டியை இடுப்பிலிருந்து உருவி, வலது கையில் பிடித்துக்கொண்டு முழு நீளத்துக்கு விரித்துக் காட்டினேன். காக்கிச் சட்டைகளுக்கும் சவுக்கின் கறுப்புக்கும் நடுவே அந்த வெள்ளை ஒன்றுதான் அதற்குத் தெரிந்திருக்கும். பார்த்தது. வலப்பக்கம் திரும்பியது. நீரோட்டத்தை எதிர்த்து, மூக்கு நுனி வரை முங்கி முங்கி நீந்தி, பனைக்கு நேரே கரையேறியது. என் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

கரையேறி உடம்பை ஒரு உதறு உதறியது. மறுபடி என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இனிமேல் நான் அதற்குத் தேவையில்லை. என் கண்ணுக்கு எட்டியது அந்தக் கரையோடு முடிந்துவிட்டது. அதற்கு அங்கேதான் தொடங்கியது. தரையை முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி முகர்ந்தது. பறவை விழுந்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கமாக, உமரிச் செடிகளுக்குள் வளைந்து வளைந்து போய், தாழம்புதருக்குள் நுழைந்து மறைந்தது.

வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டிக் குருவிகள் மட்டும் மேலே சுற்றிக் கத்தின. நடுவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். தாழைக்குள் பாம்பு இருக்கும் என்று வேறு நினைப்பு வந்தது.

தாழை அசைந்தது. குட்டி வெளியே வந்தது. வாயில் கிளுவை. கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கி, பறவையின் தலை தண்ணீரில் முங்காதபடி பிடித்துக்கொண்டு நீந்தி வந்தது. இந்த முறை நீரோட்டத்தைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதுவே நீரோட்டத்தின் மேல்பக்கமாகக் கரையோடு போய் இறங்கியிருந்தது, நேராக என் காலடிக்கு வந்து சேர்ந்தது. உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தியது. நான் கையை நீட்டினேன், வாயைத் திறந்தது.

பறவை சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. இறக்கை நுனியில் மட்டும் ரத்தம். நடுவர் வந்து, இறகுகளை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். பல் பட்ட அடையாளம் எங்கும் இல்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"நான் எவ்வளவோ நாய் பார்த்திருக்கேம்மா," என்றார். தாளில் குறித்துக்கொண்டே போய்விட்டார்.

என் கணவர் எப்படி அந்த மணலில் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை. பறவையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீ துணியைப் பிரிச்சுக் காட்டின பாரு," என்று தொடங்கினார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து கால் கட்டைச் சரிசெய்தார். மாமி அவருக்குப் பின்னால் வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த குட்டிக்கு முன்னால் நின்றார். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கையை நீட்டி அதன் தலையில் வைத்தார். நனைந்த தலையில், உள்ளங்கை முழுக்க.

"மாமி, ஈரம்," என்றேன்.

"தெரியும்டி. தண்ணியும் மண்ணும் இங்கேயே கீது, கழுவிக்கிறேன்," என்றார். கையை உடனே எடுக்கவில்லை.

எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. முயல் பின்னால் ஓடாமல் இருந்திருந்தால் முதலிடம் என்று நடுவரே சொன்னார். முதலிடம் மெட்ராஸ்காரர் ஒருவரின் ஸ்பேனியலுக்குப் போனது. அதுவும் நல்ல நாய்தான். அந்தக் கிளுவையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். என் கணவர் அதை அங்கேயே முறைப்படி அறுத்தார். ராத்திரி மாமி மிளகு போட்டு வைத்தார். ஒரு துண்டை எடுத்துத் தனியாக வைத்து, கொல்லைக்குத் தானே கொண்டு போனார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் சட்டம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. என் கணவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். முகம் சுருங்கித்தான் போயிற்று, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதை விடவில்லை. இப்போது நானும் கூடப் போனேன். சில நாள் மாமியும். குட்டிக்கு எந்தச் சட்டமும் தெரியாது. வழக்கம்போலக் காற்றுக்குக் குறுக்கே ஓடி, கோரைக்குள் நுழைந்து, பறவைகளை எழுப்பும். எழுப்பியதும் சட்டென்று உட்கார்ந்துவிடும். உள்ளான்கள் கிறீச்சென்று கத்திக்கொண்டு கோணல்மாணலாகப் பறந்து, வெயிலில் வெள்ளை வயிறு மின்ன, ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். வெடிச்சத்தம் வராது. நாங்கள் கரையில் நிற்போம். குட்டி தலையை மெல்லத் திருப்பி, அவை கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.